தொப்பூர் இறக்கமும் காலியான கிளீனர் சீட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 24ஆம் தேதி மாலை. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய்ச் சாலையின் இரட்டைப் பாலத்தில், கட்டுப்பாட்டை இழந்து வந்த சரக்கு லாரி ஒன்று முன்னால் போன லாரியின் மீது மோதியது. அடிபட்ட லாரி தனக்கு முன்னால் இருந்ததைத் தள்ளியது. நடுவில் கார் சிக்கியது. ஒரு லாரி பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தச் சில நொடிகள் அன்றிரவே ஊரெங்கும் கைபேசிகளில் ஓடின.

இந்த இடத்துக்கு இது புதிதல்ல. 2020 டிசம்பர் 12 அன்று, இதே இறக்கத்தில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, தேங்கி நின்ற வாகன வரிசைக்குள் பாய்ந்து பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நொறுக்கியது. அப்போதும் உயிர்கள் போயின. கட்டமேடு, ஆஞ்சநேயர் கோயில், இரட்டைப் பாலம், போலீஸ் குடியிருப்பு என்று இந்தப் பெயர்களெல்லாம் தர்மபுரிச் செய்திகளில் வருஷந்தோறும் வருகின்றன. கூடவே ‘பிரேக் பிடிக்காததால்’ என்ற சொல்லும் வருகிறது.

லாரி ஓட்டுநர்களிடம் ஒழுங்கும் மரியாதையும் குறைந்துவிட்டன என்று கார் ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். அதைவிடக் கடுமையாகப் பழைய லாரிக்காரர்களே சொல்கிறார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. தொப்பூரை எடுத்துக்கொண்டு, ஒரு கெட்ட பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் அதற்குக் காசு கொடுத்தார்கள், யார் அதைத் தடுத்திருக்க முடியும் என்று பார்த்தால், கேள்வி ஓட்டுநர் சீட்டோடு முடிவதில்லை. அதற்கு இடப்பக்கம் காலியாகக் கிடக்கும் கிளீனர் சீட்டுக்குப் போகிறது.

இறக்கத்தில் நடப்பது என்ன

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் தொப்பூர் கணவாய். பழையவர்களுக்கு இன்றும் அது ஏழாம் நம்பர் ரோடு. வடக்கிலிருந்து வருகிறவர்கள் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலை இறங்கத் தொடங்குகிறது. அகலமான நான்குவழிச் சாலை, நல்ல தார், போக ஒரு பாதை, வர ஒரு பாதை. ஆபத்தே அங்குதான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அங்கெல்லாம் மலை தன்னை மலை என்று காட்டிக்கொள்கிறது. புது ஆள்கூடக் கியரைக் குறைத்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துத்தான் இறங்குவார். தொப்பூர் கண்ணுக்கு வெறும் நெடுஞ்சாலையாகத் தெரிகிறது. எடைக்கு மட்டும் அது மலை.

கனரக லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. எஞ்சினோடு இணைந்து ஓடும் கம்ப்ரசர் தொட்டியில் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் செலவாகும். எஞ்சின் ஓடுகிறவரை வரவும் செலவும் சரியாக இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினால் வரவு நின்றுபோகிறது. நாலைந்து முறை அழுத்தி மிதித்தாலே மீட்டர் முள் இறங்கத் தொடங்கும். பவர் ஸ்டீயரிங்கும் எஞ்சினை நம்பியிருப்பதால் வளைவில் கை கனத்துவிடும். காற்று ஓர் அளவுக்குக் கீழே போனால் பின்சக்கரங்களை ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு வண்டியில் இருக்கிறது. ஆனால் அதுவும் சக்கரத்தோடு சுற்றும் அதே பிரேக் டிரம்மைத்தான் பிடிக்க வேண்டும். அதற்குள் அந்த டிரம் கொதித்துப் போயிருக்கும்.

எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் மட்டும் உருட்டினால் காற்று இருக்கும். ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்த கியர் இருக்காது. கியரில் இறங்கும்போது வேகத்தைப் பெரும்பாலும் எஞ்சினே கட்டுப்படுத்தும். எஞ்சின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் இன்னும் பிடிக்கும். நியூட்ரலில் அந்த மொத்தச் சுமையும், டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் மேல் விழுகிறது. இருபது முப்பது டன்னை வெறும் உராய்வால் பிடித்துக்கொண்டே போனால் லைனிங் சூடேறி வழுக்கத் தொடங்கும். முழுக்க மிதித்தாலும் வண்டி நிற்காது. கீழிருந்து பார்ப்பவருக்குப் புகை வருவது தெரியும், கருகல் வாசனை வரும். அந்த நேரத்தில் கியரைப் போடலாம் என்றால் வேகம் கூடிவிட்டதால் கியர் விழாது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஓட்டுநர் சொல்வது பொய்யில்லை. பிடிக்காமல் போகும்படி அதை மேலிருந்தே செய்துகொண்டு வந்திருக்கிறார்.

கணவாயில் இதையெல்லாம் யாரும் சொல்லாமல் இல்லை. 30 கிலோமீட்டர் வேக வரம்பு இருக்கிறது. கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் இருக்கின்றன, காவல்துறையின் கண்காணிப்பு இருக்கிறது. அத்தனையும் தாண்டி நியூட்ரலில் உருட்டுகிற ஓட்டுநருக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பலகையைப் பார்த்த பிறகும் செய்தால் அது அவர் செய்த தப்புதான். ஆனாலும் இவ்வளவு சொல்லியும் ஏன் இத்தனை பேர் உருட்டுகிறார்கள்?

டீசல் கணக்கு

பதில், ஒவ்வொரு பயணத்தின் வரவு செலவையும் எழுதும் டிரிப் ஷீட்டில் இருக்கிறது. பல முதலாளிகள் ஒவ்வொரு வண்டிக்கும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கூடுதலாக மைலேஜ் கொடுத்தால் மிச்ச டீசலின் காசு ஓட்டுநருக்கு. குறைந்தால் படியிலோ சம்பளத்திலோ பிடித்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,000 கிலோமீட்டர் போய்வர 500 லிட்டர். ஓட்டுநர் 4.2 கொடுத்துவிட்டால் 476 லிட்டரில் முடித்துவிடலாம். மிச்சம் 24 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் கையில் நிற்கும். வீட்டை விட்டுப் பத்து நாள் ரோட்டில் கிடக்கிற ஒருவருக்கு அது சின்னக் காசு இல்லை.

அந்த 24 லிட்டரை எங்கே மிச்சம் பிடிப்பது? வேகத்தை ஒரே சீராக வைத்தால், டயரில் காற்று சரியாக இருந்தால், கியரைச் சரியான நேரத்தில் மாற்றினால் மிச்சமாகும். அது கைத்தேர்ச்சி. கற்றுக்கொள்ள வருஷங்கள் பிடிக்கும். நியூட்ரலில் உருட்டுவதற்கு எந்தத் தேர்ச்சியும் வேண்டாம். அதனால் அது பரவியது.

இதில் கொடுமை என்னவென்றால், இன்றைய வண்டிகளில் தொப்பூர் மாதிரி இறக்கத்தில் அதனால் மிச்சமே இல்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்து நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கும். அப்படியென்றால், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டிய சரிவில் கியரில் வருகிறவருக்குத்தான் செலவு குறைவு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படுகிற, பிஎஸ் 6 என்ற புகை வரம்புக்கு உட்பட்ட டீசல் லாரிகளில் இதுதான் நிலை. இதை எத்தனை ஓட்டுநர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்? மைலேஜ் குறைந்தால் பிடித்தம் செய்யத் தெரிந்த முதலாளி, தன் வண்டி எப்படி டீசல் குடிக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஓட்டுநர்மீது வரும் கோபத்தைவிட முதலாளிமீது வரும் கோபம் பெரிது.

சீட்டு எப்படிக் காலியானது

சங்ககிரியில் ஒரு பட்டறையில், டாரஸ் என்கிற பெரிய லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் தொப்பூர் பற்றிக் கேட்டேன். மகனின் லாரி பாடி வேலைக்கு வந்திருந்தது. “ஏனுங் தம்பி, எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லதான் எறங்கோணும்னு எங்க டிரைவரண்ணன் சொல்லிக் குடுத்ததுங்க. ஒருக்கா வெளையாட்டா நியூட்ரல்ல போட்டுட்டனுங்க. வண்டிய ஓரங்கட்டி, செவுனியிலயே ஒண்ணு உட்டாரு. அதுக்கப்பறம் இந்தக் கை நியூட்ரலுக்குப் போனதில்லீங்க.” உங்கள் மகன் எப்படி இறங்குகிறார் என்று கேட்டேன். “அவனுக்கு நாஞ் சொன்னனுங்க. அவங்கிட்ட இருக்கற டிரைவருக்கு யாரு சொல்றது?” என்றார்.

அந்தக் காலத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட வழி அதுதான். பையன் கிளீனராக ஏறுவான். தார்ப்பாய் கட்டுவான், கயிறு இழுப்பான், கண்ணாடி துடைப்பான். டீக்கடையில் வண்டி நின்றால் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்பான். உள்டயரில் காற்று இறங்கியிருந்தால் சத்தம் மாறும். டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். பின்னால் எடுக்கும்போது பாடியைத் தட்டி ‘வா வா வா... ஓல்டான்’ என்பான். இரண்டு மூன்று வருஷம் கழித்து, அதிகாலையில், காலி வண்டியில், நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கைக்கு வரும். பிறகு பாரத்தோடு. மலை இறக்கம் கடைசியில்தான்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் சோற்றுக்கும் அழுக்குச் சட்டைக்கும் உழைத்தார்கள். அடி உதை சாதாரணம். குடித்துவிட்டு ஓட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் எஞ்சின்கள் என்பதால் வண்டியே மெதுவாகத்தான் போகும். பல தப்புகளை அந்த மெதுவே மன்னித்தது. குழந்தை உழைப்பு ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்தச் சீட்டில்தான் லாரித் தொழிலின் ஒரே பள்ளிக்கூடம் உட்கார்ந்திருந்தது. அதை மூடியவர்கள் வேறொன்றைத் திறக்கவில்லை.

சட்டமும் ஒரு காலத்தில் இரண்டாவது ஆளைக் கேட்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, தேசிய பர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும். மாற்று ஓட்டுநர் கால் நீட்டிப் படுக்க, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். நடைமுறையில் பல வண்டிகளில் லைசென்ஸ் எடுத்த கிளீனரே அந்த இரண்டாவது ஓட்டுநர். எப்படியோ, பக்கத்தில் விழித்திருக்க ஒரு ஆள் இருந்தார். 2018இல் செய்த திருத்தத்தில் இந்த இரண்டு ஓட்டுநர் கட்டாயம் எடுக்கப்பட்டது. அதே திருத்தம்தான் தேசிய பர்மிட் வண்டிகளுக்குப் பாஸ்டேக்கையும் இருப்பிடம் காட்டும் கருவியையும் கட்டாயமாக்கியது. அதே 2018இன் ஜூலையில் லாரிகளின் எடை வரம்பும் உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு லாரிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்குப் போனது.

ஆக ஒரே வருஷத்தில் பாரம் கூடியது, ஆள் குறைந்தார், முதலாளியின் கைபேசியில் வண்டி ஒரு புள்ளியாகத் தெரியத் தொடங்கியது. புள்ளி அரை மணி நேரம் நகராவிட்டால் போன் வரும்: “ஏன் வண்டி நிக்குது?” தூக்கம் வந்தது என்று சொல்லி ஓரங்கட்ட முடிகிற ஓட்டுநர் எத்தனை பேர்?

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணி ஓய்வு கொடுக்கச் சொன்னது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒன்றோ இரண்டோ வண்டி வைத்து, வட்டி கட்டிக்கொண்டிருக்கும் சின்ன முதலாளிகள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவர்களுடைய ஓட்டுநர்கள் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சட்டத்துக்கு வெளியில் நின்றார்கள்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் கனரக ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்ற விதி எடுக்கப்பட்டது. அது சரிதான், வகுப்பறை யாருக்கும் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் அந்த இடத்தில் பாரம் ஏற்றிய வண்டியில் மலை இறக்கப் பயிற்சியை வைத்திருக்க வேண்டும். இன்றும் பெரும்பாலானவர்கள் காலி வண்டியில், சமதளத்தில் ஓட்டிக்காட்டித்தான் கனரக லைசென்ஸ் வாங்குகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. நாமக்கல்லிலும் லாரி நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்போடு பயிற்சி நிலையம் நடக்கிறது. தொழிலின் அளவுக்கு முன்னால் இவை மிகச் சிறியவை.

மரியாதை எங்கே போனது

ரோட்டு மரியாதையை வெறும் குண விஷயமாகப் பார்க்கிறவர்கள் இருவழிச் சாலைக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் விளக்கை டிம் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் இருவருக்கும் கண் தெரியாது. பின்னால் வருகிறவர் முந்த முடியுமா என்பது முன்னால் போகிற லாரிக்காரருக்குத்தான் தெரியும்; கிளீனர் ஜன்னலில் கையை நீட்டி ‘வா’ என்று அசைப்பான், எதிரே வண்டி வந்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவான். முந்திப் போனவர் ஒரு சின்ன ஹாரன் அடித்து நன்றி சொல்வார். ஒருவர் தயவு இல்லாமல் இன்னொருவர் ஊர் போய்ச் சேர முடியாது என்ற நிலை அந்தப் பழக்கங்களை உயிரோடு வைத்திருந்தது.

நான்குவழிச் சாலை வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. எதிர்ச்சாலைக்கும் நமக்கும் நடுவே அரளிச் செடி. ஹைபீமை எடுக்க வேண்டிய அவசியமில்லை. செடி பட்டுப்போன இடத்திலும் யாரும் எடுப்பதில்லை. பிறகு அதே வண்டி திருச்செங்கோடு, ராசிபுரம் என்று இருவழிச் சாலையில் இறங்கும்போதும் ஹைபீமிலேயே வருகிறது. கை நீட்டிச் சைகை காட்ட இடப்பக்கம் ஆளில்லை. அந்தச் சீட்டில் இப்போது தண்ணீர் கேன், காஸ் அடுப்பு, மடித்த போர்வை.

எல்லோரும் அலுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: லாரிகள் வலது தடத்தை விடுவதில்லை. அது விதிமீறல்தான், மெதுவாகப் போகும் வண்டி இடது ஓரம் போக வேண்டும். தொப்பூர் ஏற்றத்தில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் லாரியை இன்னொரு லாரி பதினேழில் முந்த ஆரம்பித்தால் பின்னால் அரை மைலுக்கு வண்டிகள் நிற்கும். அதைச் செய்யும் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சமதளத்தில் அவர்கள் ஏன் இடப்பக்கம் வருவதில்லை என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்கிறது. இடது தடத்தில் எதிர்த்திசையில் பைக் வரும், டிராக்டர் வரும், விளக்கில்லாமல் நிற்கும் லாரி வரும். முப்பது டன்னோடு திடீரென்று நிறுத்த முடியாது. வலதில் போனால் அந்தப் பயமில்லை. இந்தப் பதிலை ஒரு சாக்கு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

விளக்கில்லாமல் நிற்கும் அந்த லாரியையும் ஒரு லாரிக்காரர்தானே நிறுத்திவிட்டுப் போனார்? இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல், ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை அடுக்கிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த இரவு ஒரு பைக் அதில் ஏறுகிறது. கல்லை எடுத்து ஓரம் போட எந்த முதலாளியின் அனுமதியும் வேண்டாம், எந்த டீசல் கணக்கும் தடுக்காது.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இறக்கத்தில் நல்ல ஓட்டுநர் முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையில் நீண்ட இடைவெளி விட்டு வருவார். அந்த இடைவெளிதான் அவருடைய பிரேக். அதைக் காலி இடம் என்று நினைத்து இடப்பக்கமாக ஒரு கார் புகும், உடனே பிரேக் விளக்கு எரியும். லாரிக்காரர் மிதிக்கிறார், காற்று செலவாகிறது, டிரம் சூடாகிறது. மறுபடி இடைவெளி விட்டால் இன்னொரு கார். நாலு முறை இப்படி ஆனபின் இடைவெளி விடுவதையே அவர் நிறுத்திவிடுகிறார்.

இரண்டாவது ஆளைக் கேட்டால் என்ன நடக்கிறது

தென்மாநிலங்களின் சமையல் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. ஆபத்தான சரக்கு ஏற்றுவதால் அந்த ஓட்டுநர்களுக்குத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். வண்டியின் நடமாட்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் கண்காணிக்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரு கேஸ் டேங்கரையும் ஒரு சரக்கு லாரியையும் சிறிது தூரம் பின்தொடர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம். இருவரும் அதே மண்ணில் பிறந்தவர்கள்தான்.

அந்த டேங்கர் தொழிலிலேயே 2025 மார்ச் இறுதியில் வேலைநிறுத்தம் நடந்தது. எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளில் பலவற்றை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அவற்றில் மாற்று ஓட்டுநர் அல்லது கிளீனர் இல்லாமல் வண்டி வந்தால் அபராதம் என்பதும் ஒன்று. அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் கிடைப்பதில்லை, ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை, கிடைக்கும் வாடகையில் இரண்டு சம்பளம் கட்டுப்படியாகாது என்கிறார்கள். ஆனால் அந்த விவாதத்தில் ஒன்று தெளிவாகிவிட்டது. இரண்டாவது ஆள் வேண்டும் என்று சரக்கின் சொந்தக்காரர் நினைத்தால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க முடியும். சிமென்ட் நிறுவனமும் இரும்பு ஆலையும் அப்படிக் கேட்டு, அதற்கான வாடகையையும் கொடுத்தால் அந்தச் சீட்டு நிரம்பும்.

விபத்துக்குப் பின்

2024 விபத்துக்குப் பிறகு கணவாயில் மேம்பாலச் சாலை கட்டும் திட்டம் வேகம் பிடித்தது. சரிவு குறைந்தால் தொப்பூரில் சாவு குறையும். அது நடக்க வேண்டும். ஆனால் அதே லாரி, அதே ஓட்டுநர், அதே டீசல் கணக்கோடு அடுத்த இறக்கத்துக்கும் போவார்.

தண்டனையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அதே ஜனவரியில் சோதனைக்கு வந்தது. அலட்சியமாக ஓட்டி ஓர் உயிரைப் போக்கிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னதை எதிர்த்து, அந்த மாதத்தின் முதல் நாட்களில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றன. 2024 ஜூலை 1 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரை விட்டு ஓடுவது கொடிய குற்றம்; நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற பயமும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் சிறைவாசத்தை மட்டும் நீட்டினால் தொப்பூரில் ஒரு லாரிகூட மெதுவாக இறங்காது.

எனக்குத் தோன்றுவது சில. பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பாரம் ஏற்றிய ஒவ்வொரு லாரியும் கட்டாயம் நின்று போக ஓர் இடம் வேண்டும்; அங்கே ஏர் மீட்டரைப் பார்த்து, டிரம் சூட்டைப் பார்த்து, கீழ்க்கியரில் கிளம்ப வைக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. மைலேஜ் குறைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டப்படி தடை செய்ய வேண்டும். 2018இல் எடுத்த இரண்டு ஓட்டுநர் விதியை, குறைந்தது இரவு முழுவதும் ஓடுகிற வண்டிகளுக்காவது திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது ஆள் பயிற்சி பெறுகிற, பதினெட்டு வயது கடந்த, சம்பளம் வாங்குகிற உதவி ஓட்டுநராக இருக்கலாம்.

இதற்கெல்லாம் காலம் ஆகும். விசாரணையை மாற்ற மட்டும் புதுச் சட்டம் தேவையில்லை. இறக்கத்தில் ஒரு லாரி மோதினால் வழக்கு ஓட்டுநர்மேல் பதிவாகிறது. அவர் உயிரோடு இருந்தால் கைதாகிறார். அத்தோடு சேர்த்து அந்த டிரிப்பின் ஷீட்டையும் டீசல் கணக்கையும் முதலாளியிடமிருந்து வாங்க வேண்டும். இருப்பிடக் கருவியின் பதிவு இருக்கிறது. கிளம்பிய ஊரிலிருந்து பாளையம் வரை எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தார் என்பதைப் பாஸ்டேக் நிமிஷக் கணக்கில் காட்டும். எங்கே நின்றார், எவ்வளவு நேரம் தூங்கினார், தூங்கவே இல்லையா என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். கைபேசிப் பதிவைப் பார்த்தால், வண்டி நின்ற நேரத்தில் யார் எத்தனை முறை அழைத்தார்கள் என்பதும் வரும். அவற்றை வழக்கோடு சேர்த்து, முதலாளியையும் சரக்கு அனுப்பியவரையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினால், மைலேஜ் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள ஆபீஸ்கள் அடுத்த மாதமே யோசிக்கத் தொடங்கும்.